தனிச் சட்டி

என் மாமியார் ருசி பார்க்காமல் சமைப்பவர். அடுப்புப் பக்கத்தில் நின்று குழம்பை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்க்கிறவர்களைக் கண்டால் அவருக்கு இளக்காரம். "தொழில் தெரியாதவதான் நக்கிப் பாப்பா. எனக்குத் தேவையில்ல," என்பார். அவருக்குத்தான் அது மிகவும் தேவை என்பது கடையில் அவரைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

எங்களுடையது ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. முன்பக்கம் மேஜைகள், நடுவில் ஒரு தடுப்புச் சுவர், அதில் தட்டு தள்ளுவதற்கு ஒரு ஜன்னல், பின்பக்கம் அடுப்படி, மாடியில் குடும்பம். அடுப்பு மாமியாருடையது. கல்லா மாமனாருடையது. தட்டில் எடுத்து வைப்பது என் கணவர். காய் நறுக்குவதும் பாத்திரம் கழுவுவதும் நாத்தனார். பரிமாறுவதும் வருகிறவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதும் நான்.

மாமியார் அடுப்பைவிட்டு நகரும் நேரம் பார்த்து ஆளாளுக்குச் சட்டியில் கை வைத்துவிடுவோம். என் கணவர் உப்பு போடுவார். நாத்தனார் எலுமிச்சை பிழிவாள். நான் மிளகுத்தூள். மாமனாருக்குக் குழம்பு தண்ணீராக ஓடுவது பிடிக்காது. வறுத்த வேர்க்கடலையைப் பொடித்து ஒரு சின்ன டப்பியில் அடைத்துச் சட்டைப்பையில் வைத்திருப்பார். சட்டியில் தட்டிக் கலக்கி மூடியைப் போட்டுவிட்டு, பச்சைப்பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கல்லாவுக்குத் திரும்பிவிடுவார். இதைப் பற்றி நாங்கள் ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. ஒருவர் கை வைப்பதை இன்னொருவர் பார்க்க நேர்ந்தால், முகத்தைத் திருப்பிக்கொள்வோம். அதுதான் எங்கள் வீட்டு மரியாதை.

மாமியார் எல்லாருக்கும் கடைசியாகத்தான் சாப்பிட உட்காருவார். நாங்கள் நாலு பேரும் சேர்ந்து ஒப்பேற்றிய குழம்பைச் சோற்றில் ஊற்றி, ஒரு வாய் வைத்து, "எப்படி?" என்று புருவத்தைத் தூக்குவார். நாங்கள் வாயில் சோற்றை வைத்துக்கொண்டு தலையாட்டுவோம்.

எதிர் வரிசை வங்கியில் வேலை பார்க்கிற பெண் ஒருத்தி, கூட வேலை செய்கிறவர்களோடு மதியம் எங்கள் கடைக்கு வருவாள். மற்றவர்கள் சாப்பாடு கேட்பார்கள். இவள் மட்டும் பையிலிருந்து தன் டப்பாவை எடுத்துத் திறந்து ஆறிப்போன சோற்றைச் சாப்பிடுவாள். மாமியாருக்கு அது தாங்கவில்லை. "என் கடைல வந்து உக்காந்துக்கிட்டு டப்பாவத் திறக்கிறா பாரு, டப்பாக்காரி," என்று ஜன்னல் வழியாக முறைப்பார். போன வாரம் நேரே போய்க் கேட்டேவிட்டார்.

"ஏம்மா, என் சமையல்ல என்ன குத்தம் கண்ட நீ?"

அந்தப் பெண் பதறி எழுந்துவிட்டாள். வேர்க்கடலை அவள் உடம்புக்கு ஆகாதாம். ஆகாது என்றால் அரிப்பு, தடிப்போடு நிற்கிற கதை இல்லை. ஒரு துளி உள்ளே போனாலும் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும். சின்ன வயதில் ஒரு தடவை ஆஸ்பத்திரி வரை போய்ப் பிழைத்து வந்திருக்கிறாள். அப்படி ஆனால் உடனே குத்திக்கொள்ளக் கைப்பைக்குள் பேனா மாதிரி ஓர் ஊசி வைத்திருந்தாள், எடுத்துக் காட்டினாள்.

"நான் கடைல சாப்பிட்டதே இல்லம்மா. உங்க சமையல் வாசனைக்காகத்தான் இவங்க கூட வந்து உக்கார்றேன்," என்றாள்.

வாசனை என்றதும் என் மாமியார் மெழுகாக உருகிவிட்டார். இத்தனை நாள் முறைத்த கண்ணா இது என்று எனக்கே ஆச்சரியம். அவள் கன்னத்தைத் தடவி, "என் அடுப்படில ஏது கண்ணு கடலை? திங்கக்கிழமை டப்பா எடுத்துட்டு வராத. உனக்குன்னு தனியா ஒரு சட்டி வெக்கிறேன். என் சட்டிய என்னத் தவிர யாரும் தொட மாட்டாங்க," என்றார்.

அந்தப் பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சின்னக் குழந்தை மாதிரி தலையாட்டினாள். எனக்கு மாமனாரின் சட்டைப்பை ஞாபகம் வந்தது.

மாமனார் அப்போது கடையில் இல்லை, சந்தைக்குப் போயிருந்தார். வந்ததும் நான் சொல்லியிருக்க வேண்டும். எப்படிச் சொல்வது? 'மாமா, உங்கள் பையில் இருக்கும் டப்பியைப் பற்றி எனக்குத் தெரியும்' என்று மருமகள் வாயால் எப்படி ஆரம்பிப்பது? ராத்திரி என் கணவரிடம் ஒப்படைத்தேன். "உங்க அப்பாகிட்ட நீங்கதான் சொல்லணும். தெளிவா சொல்லிடுங்க," என்றேன். "சரி சரி," என்றார். அவருடைய 'சரி சரி'யை நம்பி நானும் தூங்கிவிட்டேன்.

திங்கட்கிழமை சட்டியை நானே தேய்த்து வெந்நீரில் கொதிக்கவைத்தேன். கரண்டி தனி, தட்டு தனி, எண்ணெய் புது பாட்டில். மாமியார் காலையிலிருந்து அந்தச் சட்டிக்குக் காவல் நின்றார். கோழியும் தக்காளியும் வெங்காயமும் கொதித்தன. போகும்போதும் வரும்போதும் எட்டிப் பார்த்தேன். குழம்பு அவருடைய வழக்கப்படி சிவப்பாக, தண்ணீராக இருந்தது. அந்தத் தண்ணீர்க் குழம்பைப் பார்த்து என் மனசு நிம்மதிப்பட்டது அன்றைக்குத்தான்.

மதியம் கடை நிரம்பிவிட்டது. டப்பாக்காரி டப்பா இல்லாமல் வந்து ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்தாள். கூட வந்தவர்கள் அவளைக் கேலி செய்துகொண்டிருந்தார்கள். அவள் தட்டு வருவதற்கு முன்னாலேயே ஸ்பூனைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். மாமியார் அதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, அடுப்பை அணைத்து, நல்ல துணி உடுத்திக்கொண்டு வருகிறேன் என்று மாடிக்குப் போனார். தானே கொண்டுபோய் அவள் முன்னால் வைக்க வேண்டுமாம்.

அந்த நேரத்தில் நான் வாசலில் மாட்டிக்கொண்டேன். வெளி மேஜையில் ஒரு லாரிக்காரர் தனக்குக் கால் துண்டு வரவில்லை என்று சண்டை பிடித்தார். "கோழிக்கு ரெண்டே கால்தாங்க, நான் என்ன செய்யட்டும்," என்று அவரைச் சமாளித்துவிட்டு உள்ளே நுழைந்தபோது, மாமியார் கையில் தட்டோடு ஜன்னலோர மேஜைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

நான் அடுப்படிக்குள் போனேன். சட்டியின் அடியில் கொஞ்சம் குழம்பு மீதி இருந்தது. நிறம் வெளுத்திருந்தது. கரண்டியால் தள்ளினேன். அது தண்ணீராக ஓடவில்லை, கெட்டியாக மெல்ல நகர்ந்தது.

"யார் இதுல கை வச்சது?"

என் கணவர் தட்டு துடைப்பதை நிறுத்தினார். "ஒரு சிட்டிகை உப்புதான் போட்டேன். அம்மா மானம் போயிடக் கூடாதேன்னு."

"ரெண்டு சொட்டு எலுமிச்சை, அண்ணி," என்றாள் நாத்தனார். "முதல் தடவ சாப்பிடறா, பாவம்."

"மாமா?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அப்பா உள்ள வந்தார். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்," என்றாள் நாத்தனார்.

"நீங்க உங்க அப்பாகிட்ட கடலைன்னு சொன்னீங்களா இல்லையா?"

"அந்தச் சட்டிய யாரும் தொடக் கூடாதுன்னு சொன்னேன்," என்றார் என் கணவர்.

"கடலைன்னு சொன்னீங்களா?"

"அத எப்படி நேரா..." அவர் முகம் வெளிறிவிட்டது. மேற்கொண்டு கேட்க நான் நிற்கவில்லை.

முன்பக்கம் ஓடினேன். அந்தப் பெண் சோற்றையும் குழம்பையும் சேர்த்து ஸ்பூனில் எடுத்து, மூக்கருகே பிடித்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். மாமியார் கைகளைக் கோத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். மாமனார் கல்லாவைவிட்டு எழுந்து வந்து, தன் பெண்ணுக்கே விருந்து வைக்கிற மாதிரி முகம் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சாப்பிடாதீங்க!"

தேவைக்கு மேலே கத்திவிட்டேன் போலிருக்கிறது. கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் ஸ்பூனை வாய்க்கு முன்னால் அப்படியே நிறுத்தினாள்.

"இன்னும் வாயில வைக்கலயே? அதுல கடலை இருக்கலாம். கீழ வைங்க," என்றேன்.

"என்ன உளர்ற?" என்றார் மாமியார். "என் சட்டிலயா? காலைலேர்ந்து நான் அத விட்டு நகரல."

"நீங்க மாடிக்குப் போனீங்க, அத்தை."

"துணி மாத்தப் போனேன். அதுக்குள்ள யார் வந்து கடலை போடுவா? பேயா?" குரல் தாழ்ந்தது, ஆனால் எல்லாருக்கும் கேட்டது. "நாலு பேர் என்னைப் பாராட்டினா உனக்குப் பொறுக்காதா?"

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. வேறு நாளாக இருந்தால் நானும் இரண்டு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். மாமனாரைப் பார்த்தேன். கடலை என்று நான் சொன்னதும் அவர் சிரிப்பு நின்றுபோயிருந்தது. அவர் கை தானாகவே சட்டைப்பை மேல் போய் உட்கார்ந்தது.

"மாமா, நீங்க ஏதாவது போட்டீங்களா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். "நானா? நான் எதுக்கும்மா போடப் போறேன்? எனக்கும் அடுப்புக்கும் என்ன சம்பந்தம்?"

"கேட்டியா?" என்றார் மாமியார். அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டார். "நீ சாப்பிடு கண்ணு. ஆறிடப் போகுது. என் வார்த்தைய நம்பு."

அந்தப் பெண் என்னையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். நான் சொல்வது பொய்யாக இருக்க வேண்டும் என்று அவளும் ஆசைப்பட்டாள் என்று நினைக்கிறேன். எத்தனை நாள் ஆசை. "அம்மாவே சொல்றாங்களே," என்று முணுமுணுத்துவிட்டு ஸ்பூனை மறுபடி தூக்கினாள்.

நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். ஸ்பூனைப் பிடுங்கித் தட்டில் போட்டேன். மேஜையில் ஒரு சின்னக் கூச்சல் எழுந்தது. "நீ உள்ள போ!" என்று மாமியார் என் கையை இழுத்தார்.   மாமனாரின் பையில் கை விட்டு அந்த டப்பியை எடுத்து மேஜைமேல் போடலாம். அது மட்டும் என்னால் முடியவில்லை. அப்போது வாயில் வந்ததைச் சொன்னேன்.

"மாமா, நீங்க போடலன்னா நான் சொன்னது தப்பு. எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டுக்கறேன். ஆனா முதல் வாய் நீங்களே இவங்களுக்கு ஊட்டி விடுங்க."

"என்ன பேச்சு இது?" என்றார் மாமியார்.

"கடலை பட்டா இவங்களுக்குத் தொண்டை அடைச்சிடும் மாமா. மூச்சு நின்னுடும். அது தெரிஞ்சுக்கிட்டு ஊட்டுங்க."

"மூச்சா?" என்றார் அவர்.  மாமியார் ஸ்பூனை எடுத்து அவர் கையில் திணித்தார். "ஊட்டுங்க. இவ வாய் அப்பதான் மூடும்."

 மாமனார் ஸ்பூனைத் தூக்கினார். அந்தப் பெண் அவரை நம்பி வாயைக் கொஞ்சம் திறந்தாள். அதைப் பார்க்க எனக்கு உயிரே போய்விட்டது. அவர் கையைத் தட்டிவிட நான் ஓரடி முன்னால் வைத்துவிட்டேன். ஸ்பூன் பாதி வழியிலேயே நின்றது. குழம்பு மேஜை மேல் சொட்டியது. அவர் ஸ்பூனைத் தட்டில் வைத்துவிட்டு, பின்னால் இருந்த நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

"கொஞ்சம்தான் போட்டேன்," என்றார்.

கூட வந்தவர்களில் ஒருத்தர் தட்டை வெடுக்கென்று இழுத்து அடுத்த மேஜைக்குத் தள்ளினார். அந்தப் பெண் ஓடிப்போய்க் கையையும் முகத்தையும் சோப்புப் போட்டுக் கழுவினாள். திரும்பி வந்து அந்த ஊசியைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் மூச்சை நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மூச்சு சீராகத்தான் இருந்தது. சிறிது நேரம் கழித்து, "ஒண்ணும் இல்ல, உள்ள எதுவும் போகல," என்றாள். 

மாமியார் அவளைப் பார்க்கவில்லை. தன் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னைக்கு மட்டுமா?" என்று கேட்டார்.

மாமனார் பையிலிருந்து டப்பியை எடுத்து மேஜையின் ஓரத்தில் வைத்தார்.  நான் ஜெயித்துவிட்டேன். எனக்கு அழுகைதான் வந்தது.

அந்தப் பெண் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நான் கிளம்பறேம்மா. பரவால்ல."

"உக்காரு," என்றார் மாமியார். அதட்டல் மாதிரி வந்துவிட்டது. உடனே குரலைத் தாழ்த்தினார். "என்னை நம்பிதான் டப்பாவ விட்டுட்டு வந்த. பசியோட அனுப்பினா எனக்குச் சோறு எறங்காது. கொஞ்சம் உக்காரு கண்ணு."

அவர் நல்ல துணியோடு தெருவைக் கடந்து எதிரில் இருந்த பாத்திரக் கடைக்குப் போனார். புது வாணலி, புதுக் கத்தி, புதுக் கரண்டி, புதுத் தட்டு, எல்லாவற்றையும் விலைச் சீட்டோடு வாரிக்கொண்டு வந்தார். மாடியிலிருந்து வீட்டு அடுப்பைத் தானே தூக்கிவந்து நடு மேஜையில் வைத்தார். பிரிக்காத உப்புப் பொட்டலம், பிரிக்காத எண்ணெய், முட்டை, உருளைக்கிழங்கு, தக்காளி. கையை முழங்கை வரை தேய்த்துக் கழுவினார்.

உதவிக்கு நான் ஓர் அடி எடுத்து வைத்தேன். "யாரும் கிட்ட வரக் கூடாது," என்றார். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நாங்கள் மூன்று பேரும் அடுப்படி வாசலில் ஒட்டிக்கொண்டு நின்றோம். மற்ற மேஜைக்காரர்கள் சாப்பாட்டை மறந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். கால் துண்டு கேட்ட லாரிக்காரர் கதவுச் சட்டத்தில் சாய்ந்து நின்றார்.

உருளைக்கிழங்கு மெல்லிசாக விழுந்தது, பொன்னிறமாக வதங்கியது, தக்காளி கரைந்தது. முட்டைகளை உடைத்து மேலே விட்டார். உப்பை அள்ளி ஒரு வீசு வீசினார். என் கணவர் மெல்ல முனகினார். அது போதாது என்பது அந்த வீச்சிலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

தட்டு அவள் முன்னால் போனது. அவள் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்திருந்தாள், இருந்தும் முதல் வாயை வெகு நேரம் வாயிலேயே வைத்திருந்தாள். விழுங்கினாள். ஊசியைப் பிடித்த கை மேஜைமேல் இறுகியிருந்தது. எங்கள் எல்லார் கண்ணும் அவள் தொண்டையில் இருந்தது. இன்னொரு வாய். இன்னொன்று. அப்புறம் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து, சூடு பொறுக்காமல் வாயை ஊதிக்கொண்டே வேகவேகமாகச் சாப்பிட்டாள். நெற்றி வேர்த்தது. மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார் மாமியார். அவர் அதை ஒரு வாடிக்கையாளரிடம் கேட்டு நான் கேட்டதில்லை. எங்களிடம் கேட்பது கேள்வியே இல்லை.

"சுடச்சுட இருக்கும்மா," என்றாள் அவள். சிரித்தாள். "கடைல சுடச்சுட சாப்பிடறது எப்படி இருக்கும்னு இன்னைக்குத்தான் தெரியுது." பிறகு தயங்கினாள். அவள் நல்லவள், ஆனால் எங்கள் வீட்டு மரியாதை அவளுக்குத் தெரியாது. "உப்பு மட்டும் கொஞ்சம் போட்டுக்கலாமாம்மா?"

என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மாமியார் கரண்டியை எடுத்தார். வாணலியில் மீதி இருந்ததில் கொஞ்சம் அள்ளி, தன் வாயில் வைத்தார். மென்றார். நிறுத்தினார். மறுபடி மென்றார். விழுங்கி முடித்த பிறகும் அந்தக் கரண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், வழக்கம்போல, நாங்கள் மூன்று பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

"இங்க பாருங்க," என்றார்.

பார்த்தோம்.

"உப்பு யாரு?"

பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி என் கணவர் கையைத் தூக்கினார்.

"வேற?"

"எலுமிச்சை, அம்மா," என்றாள் நாத்தனார்.

"நீ?"

"மிளகு, அத்தை."

மாமனார் கல்லாப் பக்கம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரை மாமியார் கூப்பிடவில்லை. உப்புப் பொட்டலத்தை மகன் பக்கம் நீட்டினார். "கையக் கழுவிட்டு வந்து போடு. எப்பவும் போடற அளவு போடு. நான் பாக்கணும்."

என் கணவர் கழுவிக்கொண்டு வந்து, மூன்று விரலால் எடுத்து, வாணலியில் தூவினார். மாமியார் அந்த விரல்களையே பார்த்தார். கலக்கி, இன்னொரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். அவர் தினமும் புருவத்தைத் தூக்கிய ருசி இதற்குப் பக்கத்தில்தான் இருந்திருக்கும். கண் நிறைந்துவிட்டது. வாணலியில் விழுந்துவிடக் கூடாதே என்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஒருத்தராவது எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

 ஜன்னலோர மேஜையில் அந்தப் பெண் காலித் தட்டை இரண்டு கையாலும் பிடித்து நீட்டிக்கொண்டிருந்தாள்.